படிக்காமல் விட்ட பத்தி

காரைக்காலில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ப்புறம் ஒரு பத்திர எழுத்தரிடம் பன்னிரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். டைப் அடிப்பது பாதி வேலை. கையெழுத்துப் போட வருகிறவர்களுக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்டுவது மீதி. நான்கெல்லை, அளவு, வில்லங்கம் எதையும் விடமாட்டேன். "போதும்மா, எங்க போடணும்னு காட்டு, போட்டுட்டுப் போறேன்" என்று சலித்துக்கொள்பவர்களையும் உட்காரவைத்து, முழுவதும் படித்துவிட்டுத்தான் பேனாவைக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அப்படிப்பட்ட நான், என் தம்பிக்கு ஒரு பத்தியைப் படிக்காமல் விட்டேன். தெரியாமல் நடந்ததல்ல. கண்ணால் பார்த்து, அர்த்தம் புரிந்து, தாண்டிப் போனேன்.

தம்பி என்னைவிட ஒன்பது வயது சிறியவன். பத்தாம் வகுப்பில் அவன் நடையில் ஒரு தள்ளாட்டம் வந்தது. குடிக்கிறானோ என்று யாரோ அப்பாவிடம் சொல்ல, அப்பா அதை நம்பி ஒருநாள் அடித்தும்விட்டார். பிறகு கையெழுத்து கோணியது. எப்படியோ டிப்ளமோ முடித்து, கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்கு எடைச்சீட்டு போடுகிற வேலைக்குச் சேர்ந்தான். ஒரு வருடத்துக்குள் விரல் நினைத்த எழுத்தில் விழாமல் போயிற்று. இருபத்துமூன்று வயதில் சக்கர நாற்காலி. பேச்சு குழறியது. கண் ஓரிடத்தில் நிற்காததால் எழுத்துகள் ஆடும், நாலு வரிக்கு மேல் படித்தால் தலை சுற்றும். காது கேட்கும். ஆனால் சத்தத்துக்கு நடுவே யாராவது வேகமாகப் பேசினால் சொற்கள் அவனுக்குப் பிரியாது. அறிவை மட்டும் அந்த நோய் தொடவில்லை.

எங்கள் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். இருவரிடமும் ஒரே மரபணுப் பிழை ஒன்று சத்தம் இல்லாமல் இருந்திருக்கிறது. இரண்டு பக்கத்துப் பிழையும் சேர்ந்து தம்பிக்கு வந்தது. எனக்கு வரவில்லை. அதற்குக் காரணம் எதுவும் கிடையாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு, திருமலைராயன்பட்டினத்து வீட்டில் நான், என் மகள், தம்பி மூன்று பேர்தான். கணவர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். காலையில் தம்பியைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, சாப்பாட்டைக் கையெட்டும் இடத்தில் வைத்துவிட்டு பஸ் பிடிப்பேன். மதியம் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துக்கொள்வார். மாலையில் மறுபடி நான். இதை நான் முகம் சுளிக்காமல் செய்தேன் என்று ஊரில் சொல்வார்கள். முகம் சுளிக்கவில்லைதான்.

அந்த வருடம் கணவருக்குக் குடும்ப விசா கிடைக்கும் நிலை வந்தது. ஒரு படுக்கையறை வீடு பார்த்துவிட்டார். "ஏப்ரல்ல இங்க ஸ்கூல் ஆரம்பிக்கிறாங்க. புள்ளையச் சேக்கணும்னா இப்பவே சொல்லணும்" என்று போனில் கேட்டார்.

"தம்பிய என்னங்க பண்றது?"

"அதத்தான் நானும் கேக்கறேன். எத்தனை வருஷம் இப்படி? கல்யாணம் ஆயி பதினோரு வருஷத்துல நாம சேந்து இருந்த நாளு எத்தனைன்னு நினைச்சுப் பாரு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. இதே நோய்க்கு ஒரு மரபணுச் சிகிச்சையை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு தொடங்குகிறது, வந்து பேசுங்கள் என்றார்கள். வேன் பிடித்துப் போனோம். ஆய்வை நடத்தியவர் ஒரு பெண் மருத்துவர், என் வயதுதான் இருக்கும். பேச்சு வேகம். ஆனால் எத்தனை தடவை கேட்டாலும் பதில் சொல்லுவார்.

"உடம்போட ஒவ்வொரு செல்லுலயும் ஒரு புரதம் செய்யறதுக்குக் குறிப்பு எழுதி இருக்கு. இவருக்கு அந்தக் குறிப்புல பிழை. சரியான பிரதிய, நோய் உண்டாக்காத ஒரு வைரஸோட கூட்டுக்குள்ள வச்சு உள்ள அனுப்பறோம். அது நரம்பு செல்லுக்குப் போய்ச் சேரணும்" என்று விளக்கினார்.

பிழைதிருத்தல் பத்திரம் மாதிரி என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. ஆசையும் அப்போதே வந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு" என்றார் மருத்துவர். "இது முதல் கட்டம். மருந்து ஆபத்து இல்லாததான்னு பாக்கறதுதான் நோக்கம். முதல் குழுவுக்கு ரொம்பக் குறைஞ்ச அளவுதான் குடுப்போம். குணமாகும்னு நான் சொல்லல. படிவத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரம் நிதானமா படிச்சுக் காட்டுங்க."

இதை நான் தம்பிக்கு ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "பாக்கலாம். முழுசாப் படிச்சுட்டுச் சொல்றேன்" என்றான். படிப்பது நான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அன்று காத்திருப்பு அறையில் மதுரையிலிருந்து வந்திருந்த ஒருவனோடு அவனுக்குப் பழக்கம் ஏற்பட்டது. அதே நோய், ஏறக்குறைய அதே வயது. கண் மட்டும் இன்னும் கெடாதவன். போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள்.

தமிழில் அச்சிட்ட இருபத்திரண்டு பக்கப் படிவம் அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டபின் படிக்க உட்கார்ந்தோம். தெற்கிலிருந்து காற்றடித்ததால் துறைமுகத்துக் கரித்தூளுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருந்தேன். கல்லீரல் பாதிக்கப்படலாம் என்பதைப் படித்தேன். இதயம், காய்ச்சல், மரணம்கூட நேரலாம் என்பதைப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் நிறுத்திக் கேள்வி கேட்டான். எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம் என்பதை இரண்டு தடவை படிக்கச் சொன்னான். பதினான்காம் பக்கத்தின் அடியில் அந்தப் பத்தி இருந்தது.

மருந்தைச் சுமந்துபோகும் வைரஸுக்கு எதிராக உங்கள் உடல் நீண்டகால எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ளும். அதனால் பிற்காலத்தில் இதே மருந்தைக் கூடுதல் அளவிலோ, இதே வகையைச் சேர்ந்த வேறு சிகிச்சையையோ, அது பலன் தருவது உறுதியானாலும், நீங்கள் பெற முடியாமல் போகலாம்.

கண்ணால் ஒருமுறை படித்தேன். என் வாய் நின்றுவிட்டது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. தொண்டை கட்டுது."

தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டுப் பதினைந்தாம் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த ஒரு மடக்குத் தண்ணீருக்குள் என்ன நினைத்தேன் என்பதைப் பல தடவை தோண்டிப் பார்த்திருக்கிறேன். இதைக் கேட்டால் அவன் காத்திருக்கலாம் என்று சொல்லிவிடுவான். எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவன் அல்ல அவன். காத்திருந்தால் நானும் காத்திருக்க வேண்டும். ஷார்ஜா வீடு போய்விடும். சேர்ந்துவிட்டான் என்றால் ஏதோ ஒன்று நகரும். கொஞ்சமாவது தேறலாம், தானாகச் சாப்பிடலாம், அவனை ஓர் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு நான் போகலாம். இதையெல்லாம் வரிசையாக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாம் அங்கே இருந்தது. அவன் நன்மைக்காக விட்டேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டது முழுப் பொய்யல்ல, பாதிப் பொய்.

அடுத்த வாரம் சென்னையில் ஒப்புதல் வாங்கும்போது வீடியோ எடுத்தார்கள். அதுதான் முறையாம். தம்பி நாற்காலியில், நான் பக்கத்தில், எதிரே மருத்துவர். ஏ.சி. இரைந்தது. வெளியே நடைபாதையில் ஸ்ட்ரெச்சர்களின் சத்தம். மருத்துவர் முக்கியமான விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, புரிந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அதையும் கேட்டார்.

"ஒரு தடவை இத எடுத்துக்கிட்டா மறுபடி இந்த வகை மருந்து எடுக்க முடியாமப் போகலாம். அது தெரியுமா உங்களுக்கு?"

தம்பிக்குச் சொற்கள் பிரியவில்லை. என் பக்கம் திரும்பினான். "என்ன சொல்றாங்க?"

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் காதருகே குனிந்து, தெளிவாக, நிதானமாகச் சொன்னேன். "ஒரே ஒரு தடவைதான்டா. திரும்பவும் எடுக்க வேண்டியதில்ல."

அவன் முகம் மலர்ந்தது. மருத்துவரைப் பார்த்து, "தெரியும்ங்க. ஒரே தடவை" என்றான். மருத்துவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவன் வலது கையை நான் பிடித்துக்கொள்ள, கையெழுத்துப் போட்டான். கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது. முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது என்று அதன் மேலே அச்சிட்டிருந்தது.

மருந்து ஒரு சிறிய பையில் வந்தது. நரம்பில் ஊசி குத்தி, மெதுவாக ஏற்றினார்கள். பத்து நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரை, வாராவாரம் ரத்தப் பரிசோதனை. மாத்திரையால் அவன் முகம் உப்பியது, பசி தாங்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை இட்லிக்கு மாவு அரைத்தேன். ஆனால் உற்சாகமாக இருந்தான். டம்ளர் நடுங்குவது குறைந்திருக்கிறது என்பான். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மருத்துவமனையில் ஒரு பலகையில் ஒன்பது ஓட்டைகள் இருக்கும். சிறு குச்சிகளை எடுத்து அதில் செருக வேண்டும், நேரம் குறிப்பார்கள். வீட்டில் தெர்மாகோலில் ஓட்டை போட்டு அதைப் பயிற்சி செய்வான். என் மகள் மணி பார்ப்பாள்.

மதுரைக்காரன் சேரவில்லை. யோசித்து, காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டானாம். தம்பி அவனை வாட்ஸாப்பில் கேலி செய்வான். "பயந்தாங்கொள்ளி. ஊசிக்குப் பயந்துட்டான்" என்று என்னிடம் சிரிப்பான். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் வந்தது. ரத்தப் பரிசோதனைக்கு யார் கூட்டிப்போவது என்பதால் நான் போகவில்லை. கணவர் அந்த வீட்டை விட்டுவிட்டு மறுபடி நண்பர்களோடு அறைக்குப் போனார். ஆக, எதற்காகச் செய்தேனோ அதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

ஒரு வருடம் முடிந்து பரிசோதனைக்குப் போனபோது, குச்சி செருகும் நேரம் முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. கெடுதல் எதுவும் நடக்கவில்லை, நோய் அதன் வழக்கமான வேகத்தில் போகிறது என்றார் மருத்துவர். தம்பி அதைப் பக்குவமாகவே எடுத்துக்கொண்டான். "குறைஞ்ச அளவுதானே. அடுத்த குழுவுக்குக் கூட்டுவாங்கல்ல" என்று திரும்பி வரும்போது வேனில் சொன்னான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினோரு மணி இருக்கும். சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். காதுக்காகத் தம்பி போனை எப்போதும் முழுச் சத்தத்தில் வைத்திருப்பான். வாட்ஸாப்பில் மதுரைக்காரன் பேசி அனுப்பிய குரல் கூடத்திலிருந்து கேட்டது. இரண்டாவது குழுவில் தன்னைச் சேர்த்துவிட்டார்கள், அளவு பல மடங்கு அதிகம், அடுத்த மாதம் ஊசி என்று சொன்னான். தம்பி சந்தோஷமாக ஏதோ பதில் பேசி அனுப்பினான். சற்று நேரத்தில் மறுபடி அந்தக் குரல். தயங்கித் தயங்கி வந்தது.

"உனக்குத் தரமாட்டாங்களேப்பா. ஒரு தடவை ஏத்திட்டா அவ்வளவுதான்ல? பதினாலாம் பக்கத்துல போட்டிருந்துச்சே. நான் அதப் பாத்துட்டுத்தான் அப்ப வேணாம்னேன். நீ தெரிஞ்சுதான் போறேன்னு நினைச்சேன்."

குழாயை மூடினேன். அவன் அந்தச் செய்தியை இன்னொரு தடவை கேட்டான். பிறகு கூப்பிட்டான்.

"அக்கா. அவன் சொல்றது கேட்டுச்சா?"

"அதுல அப்படி ஒண்ணும் இல்லடா. அவன் ஏதோ உளறுறான்" என்றேன். ஒன்றரை வருடம் கழித்தும் என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

"அந்தப் படிவத்த எடு."

எடுத்து வந்தேன். கையில் மீன் வாடை.

"பதினாலாம் பக்கத்த போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பு. அவன் படிக்கட்டும்."

 அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அனுப்ப வேண்டாம், நானே படிக்கிறேன் என்றேன். படித்தேன். இன்னொரு தடவை படி என்றான். படித்தேன்.

 அவன் தலை எப்போதும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். அன்று அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"ஏன்?"

"நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

"சொல்லியிருப்பேனா?"

"தெரியலடா."

"எனக்கும் தெரியல. போயிருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. இனிமே தெரிஞ்சுக்கவும் முடியாது." குழறலில் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. பாதியில் நான் உதவப் போகவில்லை. பிறகு கேட்டான். "எனக்காகப் பயந்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். நம்பத் தயாராகத்தான் என்னைப் பார்த்தான்.

"உனக்காகவும்தான். அத்தான்கிட்ட போகணும்னும் இருந்துச்சு" என்றேன்.

"அதச் சொல்லியிருந்தா நானே போன்னு சொல்லியிருப்பேன்" என்றான். அப்புறம் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிவிடச் சொன்னான். அன்று மீன் குழம்பு அப்படியே இருந்தது.

திட்டவில்லை, அழவில்லை. ஒன்றை மட்டும் வற்புறுத்தினான். மருத்துவரிடம் நானே என் வாயால் சொல்ல வேண்டும். அடுத்த முறை போனபோது சொன்னேன். காத்திருப்பு அறையில் என்னென்னவோ சொற்களைக் கோத்து வைத்திருந்தேன். உள்ளே போனதும் ஒன்றும் நிற்கவில்லை. "ஒரு பத்தியப் படிக்காம விட்டுட்டேங்க. வீடியோவுலயும் மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன்.

மருத்துவர் அந்த வீடியோவை வரவழைத்து எங்கள் முன்னாலேயே போட்டார். என் குரல் தெளிவாகக் கேட்டது. எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு அன்பாகச் சொல்கிறேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பத்திரம் படித்துக் காட்டும் அதே முகம். பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

"நானும் கேட்டேன்ல" என்றார் மருத்துவர் மெல்ல. "ஒரு தடவைன்னு காதுல விழுந்துச்சு. சரியாத்தான் சொல்றீங்கன்னு நினைச்சுட்டேன்." அவருக்குக் கண் கலங்கியது. என்னால் இன்னொருவரும் தலைகுனிந்ததை அன்று பார்த்தேன். இதை நெறிமுறைக் குழுவுக்கு எழுத வேண்டும் என்றார். நான் என் கைப்பட வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த ஆய்வில் குடும்பத்தைச் சேராத ஒருவர்தான் படித்துக் காட்டி, சாட்சியாகவும் இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள் எனக் கேள்விப்பட்டேன். தம்பிக்கும் முதலிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் படித்துக் காட்டினார் ஒரு பெண். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவன் கேள்விகள் கேட்பது கேட்டது. ஆய்விலிருந்து விலகுகிறீர்களா என்று கேட்டதற்கு, இருக்கிறேன் என்றானாம். "டாக்டர் நல்லவங்க. செக்கப்பும் நடக்குது. விலகி என்ன ஆகப்போவுது?" என்று வேனில் சொன்னான்.

கணவரிடமும் சொன்னேன். அவர், "என் மேல பழியப் போடாத" என்றார். போடவில்லை என்றேன். போட்டிருந்தேனோ என்னவோ.

இப்போது வீட்டில் பேச்சுவார்த்தை இருக்கிறது. அவனைக் குளிப்பாட்டுகிறேன், சோறு போடுகிறேன், முடிவெட்ட அழைத்துப் போகிறேன். ஆனால் மருந்துச் சீட்டு, வங்கிக் கடிதம் எதையும் என்னிடம் தருவதில்லை. என் மகளைப் படிக்கச் சொல்கிறான். அவள் இல்லாதபோது வந்ததை மேஜையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அந்தக் கவரை நானும் பார்ப்பேன், கேட்கமாட்டேன்.

மதுரைக்காரனுக்கு ஊசி போட்டு நான்கு மாதம் ஆகிறது. வாரம் ஒருமுறை இருவரும் வீடியோவில் பேசுகிறார்கள். தம்பிதான் கூப்பிடுகிறான். "டம்ளரத் தூக்கிக் காட்டு. இன்னும் கொஞ்சம் மேல" என்று சொல்லி உற்றுப் பார்க்கிறான். மதுரைக்காரன் கை கொஞ்சம் நிதானமாக இருக்கிறதாம். மருந்தாலா, ஆசையாலா என்று இப்போதே சொல்ல முடியாது என்றிருக்கிறார் மருத்துவர். தம்பி அவனுக்காக உண்மையாகவே சந்தோஷப்படுகிறான், அது குரலில் தெரிகிறது.

நான் சமையலறையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். போன வாரம், டம்ளர் தளும்பவில்லை என்று தம்பி கைதட்டியபோது, என் மனதில் ஒரு நினைப்பு வந்தது. இந்த மருந்து வேலை செய்யாமல் போனால் என் தப்பு சின்னதாகிவிடும். அது வந்து போக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவன் இரண்டு தடவை கைதட்டிய நேரம்தான். அவனுடைய நண்பனுக்கும், இனி வரப்போகும் எத்தனையோ பிள்ளைகளுக்கும் அந்த மருந்து பலிக்கக்கூடாது என்று என் மனம் வேண்டிக்கொண்டுவிட்டது. இதை மருத்துவரிடம் சொல்லவில்லை, தம்பியிடமும் சொல்லவில்லை. அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் தம்பி, "இன்னொரு தடவை தூக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.